16 வாரம், ஒரு மின்சுற்று

பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரங்கள் மாணவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள், பாடம் கேட்க அல்ல, நடத்த. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி, ஓராண்டாக இருந்த படிப்பு ஈராண்டானது. பள்ளியில் பயிற்சி பெறும் காலமும் முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம் என மொத்தம் 20 வாரமாகக் கூடியது. இப்படி வருகிறவர்களைப் பிள்ளைகள் தூரத்திலேயே கண்டுகொள்வார்கள். தோளில் பை, கையில் சுருட்டிய சார்ட், அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டு. "பி.எட். மிஸ் வந்துட்டாங்க" என்று அரைமணி நேரத்தில் பள்ளி முழுக்கச் செய்தி பரவிவிடும்.

சில ஆண்டுகளாக அந்தப் பையில் ஒரு பென்டிரைவும் இருக்கிறது. அதில் இருப்பதை வகுப்பறையில் எப்படிப் பயன்படுத்துவது என்பதைக் கற்றுக்கொள்வதுதான் இன்றைய பயிற்சி ஆசிரியருக்கு மிகக் கடினமான பாடம். கருவியை இயக்குவது கடினமல்ல, அது ஒரு வாரத்தில் கைவந்துவிடும். பாடத்தின் எந்த இடத்தில், எந்தக் கேள்விக்குப் பின் அதை இயக்குவது என்பதில்தான் ஆசிரியரின் திறமை இருக்கிறது. நம் ஆசிரியர் கல்வி இன்னும் போதுமான அளவு சொல்லித்தராததும் இதைத்தான்.

பள்ளிகளில் வசதியே இல்லை என்று இப்போது சொல்லிவிட முடியாது. மத்திய அரசின் திக்‌ஷா தளம் 2017 செப்டம்பர் 5-ஆம் தேதி, ஆசிரியர் தினத்தன்று தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு தமிழ்நாட்டில் பாடநூல்கள் புதுப்பிக்கப்பட்டபோது பக்கங்களிலேயே கியூஆர் குறியீடுகள் அச்சாகி வந்தன. செல்போனைக் காட்டினால் அந்தப் பாடத்துக்கான காணொளி வரும். கணக்கு, அறிவியல் நூல்களில் 'இணையச் செயல்பாடு' என்ற தனிக் கட்டமே உண்டு. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் வந்தது, மணற்கேணி செயலி 2023-இல் வந்தது. முதற்கட்டமாக 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் அமைக்கப்பட்டது. தொடக்கப் பள்ளிகளுக்கும் ஸ்மார்ட் வகுப்பறைகள் போய்க்கொண்டிருக்கின்றன.

இத்தனையும் இருக்கும் ஒரு பள்ளிக்கு, இயற்பியல் படித்துவிட்டு பி.எட். சேர்ந்த மாணவி ஒருவர் பயிற்சிக்குப் போவதாக மனதில் வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு, மின்னோட்டவியல் பாடம். முதல்நாள் இரவு கண்விழித்து 30 ஸ்லைடு தயாரிக்கிறார். பாடநூலின் பத்திகள் அப்படியே ஸ்லைடில் ஏறுகின்றன. நீலப் பின்னணி, பறந்து வரும் எழுத்து, ஓரத்தில் மின்னும் பல்பு. வகுப்பில் அதை அவர் வாசிக்க, பிள்ளைகளும் கூடவே வாசிக்கிறார்கள். மணி அடிக்கும்போது 22-ஆவது ஸ்லைடு ஓடிக்கொண்டிருக்கிறது.

புதிதாக வருகிற ஏறக்குறைய எல்லாரும் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். இது ஏன் பயன் தருவதில்லை என்பதை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல சோதனைகளின் வழியே காட்டியிருக்கிறார். படத்தைக் காட்டி வாயால் விளக்கினால் நன்றாகப் பதிகிறது. அதே சொற்களைத் திரையிலும் எழுதிவைத்தால், கண் எழுத்துக்கும் படத்துக்கும் இடையே அலைந்து புரிதல் குறைகிறது. பாடத்துக்குச் சம்பந்தமில்லாத அலங்காரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கற்றலைக் கெடுக்கிறது. நம் மாணவிக்கு இதன் பொருள் எளிது. மின்னும் பல்பையும் பறக்கும் எழுத்தையும் எடுத்துவிட வேண்டும். ஒரு ஸ்லைடில் ஒரு மின்சுற்றுப் படம் போதும், மீதியை அவர் பேச வேண்டும். ஆங்கிலத்தில் மட்டுமே கிடைக்கும் நல்ல காணொளிக்கும் இதே வழிதான். ஒலியை நிறுத்திவிட்டுத் தன் தமிழில் தானே விளக்கிக்கொண்டு போகலாம். தமிழ்வழி வகுப்பில் இதைச் செய்துபார்த்தவர்களுக்கு அதன் பலன் தெரியும்.

இரண்டாவது முறை அவர் ஸ்லைடுகளைக் குறைத்துக்கொண்டு 'ஃபெட்' என்ற இலவச உருவகச் செயலியைத் திறக்கிறார். 2001-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், அடுத்த ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது. திரையில் மின்கலம், கம்பி, விளக்கு, சாவி எல்லாம் இருக்கும். இழுத்து வைத்து மின்சுற்று கட்டலாம். கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நகர்வது கண்ணுக்குத் தெரியும். தவறாகக் குறுக்கே இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும், யாருக்கும் காயமில்லை. அதிலுள்ள ஓம் விதிச் செயலியில் மின்னழுத்தத்தைக் கூட்டினால் சமன்பாட்டில் அந்த எழுத்தே பெரிதாகும், கூடவே மின்னோட்டத்தின் எழுத்தும் வளரும். மின்தடையைக் கூட்டினால் மின்னோட்டத்தின் எழுத்து சுருங்கும். சூத்திரத்தை மனப்பாடம் செய்தே பழகிய பிள்ளைக்கு, அதன் உறுப்புகள் ஒன்றையொன்று இழுப்பதைப் பார்ப்பது புதிய அனுபவம்.

பிள்ளைகள் ஆர்வமாகப் பார்க்கிறார்கள், கைதட்டுகிறார்கள். ஆனால் மறுநாள் கேள்வி கேட்டால் பழைய பதிலே வருகிறது. ஏன்?

இதற்கான பதிலை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மஸூர் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு தருகிறது. இயற்பியல் வகுப்பில் செய்துகாட்டும் சோதனைகளால் மாணவர்கள் உண்மையில் கற்கிறார்களா என்று அவர்கள் ஆராய்ந்தார்கள். சோதனையை வெறுமனே பார்த்தவர்களின் புரிதல், அதைப் பார்க்கவே செய்யாதவர்களின் புரிதலைவிட அப்படியொன்றும் மேலாக இல்லை. சோதனைக்கு முன் 'என்ன நடக்கும்?' என்று தங்கள் ஊகத்தைச் சொல்லிவிட்டுப் பார்த்தவர்களிடம்தான் தெளிவான முன்னேற்றம் இருந்தது. அதற்குக் கூடுதலாகச் செலவானது சில நிமிடங்களே. பார்ப்பதற்கு முன் பிள்ளை தன் பதிலை ஒப்படைத்துவிட வேண்டும். அப்போதுதான் கண்முன் நடப்பது அவனுக்குச் செய்தியாகிறது.

ஆகவே மூன்றாவது முறை, நம் மாணவி செயலியைத் திறக்காமல் கரும்பலகையில் வரைகிறார். ஒரு மின்கலம், தொடரிணைப்பில் இரண்டு விளக்குகள். "முதல் விளக்கைத் தாண்டின பிறகு மின்னோட்டம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? நோட்டுல எழுதுங்க, பக்கத்துல பார்க்கக் கூடாது." பெரும்பாலோர் 'குறையும்' என்றே எழுதுவார்கள். விளக்கு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது என்ற எண்ணம் உலகமெங்கும் பள்ளிப் பிள்ளைகளிடம் இருப்பதை இயற்பியல் கல்வி ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நன்றாக மதிப்பெண் வாங்குகிறவர்களிடமும் அது இருக்கிறது. எழுதிய பிறகு இரண்டு பேர் எழுந்து காரணம் சொல்கிறார்கள், ஒருவருக்கொருவர் மறுக்கிறார்கள். அதன் பின்புதான் திரை ஒளிர்கிறது. விளக்குக்கு முன் ஒரு அம்மீட்டர், விளக்குக்குப் பின் ஒரு அம்மீட்டர். இரண்டிலும் ஒரே எண்.

வகுப்பில் எழும் அந்தச் சலசலப்புதான் கற்றல் தொடங்கும் இடம். அதே செயலி, அதே கணினி, அதே பிள்ளைகள். முந்தைய நாள் இல்லாத பலன் இன்று கிடைத்தது, ஏனெனில் முன்னால் ஒரு கேள்வி நின்றது.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். கையால் கம்பியை இணைத்து உண்மையான பல்பை எரியவைப்பதற்கு இது ஈடாகுமா? கொலராடோ பல்கலைக்கழகத்திலேயே 2005-இல் வெளியான ஓர் ஆய்வு பலரை வியக்கவைத்தது. ஆய்வகத்தில் உண்மையான கருவிகளுக்குப் பதிலாக இந்தச் செயலியில் பயின்ற மாணவர்கள், பிறகு உண்மையான மின்சுற்றைக் கட்டுவதிலும் அதை விளக்குவதிலும் மற்றவர்களைவிடச் சிறப்பாகச் செய்தார்கள். உண்மைக் கம்பியில் கண்ணுக்குத் தெரியாத மின்னோட்டம் திரையில் தெரிந்தது ஒரு காரணம் என்று கருதலாம். ஆனால் அவர்கள் கல்லூரி மாணவர்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு டார்ச் பல்பும் பேட்டரியும் கையில் கிடைக்கத்தான் வேண்டும். திரையில் பார்த்ததை அடுத்த பாடவேளையில் மேசையில் செய்துபார்ப்பதே நல்ல வரிசை.

கேள்வி கேட்பதற்கும் நல்ல கருவிகள் வந்திருக்கின்றன. 45 பேர் உள்ள வகுப்பில் 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் 'புரிஞ்சுது மிஸ்' என்ற ஒரே பதில்தான் கோரஸாக வரும். கைதூக்கச் சொன்னால் முதல் பெஞ்சைப் பார்த்துப் பின் பெஞ்சும் தூக்கும். 'பிளிக்கர்ஸ்' என்ற முறை இதற்கு நம் பள்ளிகளுக்கு ஏற்ற தீர்வு. பிள்ளைகளிடம் செல்போனோ கணினியோ தேவையில்லை. ஆளுக்கொரு அச்சிட்ட அட்டை. அதிலுள்ள கறுப்பு வடிவத்தின் நான்கு பக்கங்களும் நான்கு விடைகள். தன் விடை மேலே வரும்படி பிடித்தால், ஆசிரியர் தன் ஒரே செல்போனின் கேமராவை வகுப்பின் குறுக்கே ஓட்டுகிறார், யார் என்ன சொன்னார் என்பது பெயரோடு பதிவாகிறது. ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்திலிருப்பவரைப் பார்த்துப் பிடிக்க முடியாது. எப்போதும் வாய் திறக்காத பெண்ணும் பதில் சொல்கிறாள், அவள் எங்கே தடுமாறுகிறாள் என்று ஆசிரியருக்குத் தெரிகிறது. விலையுயர்ந்த ஸ்மார்ட் போர்டு செய்யாத வேலையை ஒரு கட்டு அட்டை செய்துவிடுகிறது.

கணக்கு எடுத்துப் படிக்கும் பி.எட். மாணவர்களுக்கு ஜியோஜீப்ரா இருக்கிறது. மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தன் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியது இன்று உலகெங்கும் பள்ளிகளில் ஓடுகிறது. முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மூன்று கோணங்களும் மாறும், கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையிலேயே நிற்கும். இங்கும் அதே ஒழுங்குதான். இழுப்பதற்கு முன் கேட்க வேண்டும்.

தமிழ்வழியில் கற்பிக்கப்போகிறவருக்கு வேறொரு தொல்லை உண்டு. அதைப் பற்றி எந்தப் பயிற்சிக் கையேடும் போதிய அளவு பேசுவதில்லை. வழிகாட்டி ஆசிரியர் பல ஆண்டுகளாகச் சேர்த்த வினாத்தாள்களைப் பாசத்தோடு பென்டிரைவில் போட்டுத் தருவார். கூகுள் ஃபார்மில் வினாடி வினா தயாரிக்கலாம் என்று அதிலிருந்து எடுத்து ஒட்டினால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குழம்பி நிற்கும். அவை வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு அது தமிழே இல்லை. தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுவிட்டது. தமிழ்99 விசைப்பலகை வந்தது அதற்கும் முன்னால், 1999-இல். ஆனாலும் பள்ளி அலுவலகக் கணினிகளில் பழையதே ஓடுகிறது. எழுத்துரு மாற்றி ஒன்றை இறக்கிவைத்துக்கொண்டு பழைய வினாத்தாள்களை ஒருங்குறிக்கு மாற்றத் தெரிந்த ஒரு பயிற்சி ஆசிரியர், அந்தப் பள்ளி முழுவதற்கும் உதவியாக இருக்க முடியும். 16 வாரம் முடிந்து அவர் போன பிறகும் அந்த வேலை அங்கே நிற்கும். பி.எட். மாணவர்கள் ஒவ்வொருவரும் முதல் செமஸ்டரிலேயே தமிழ்99-இல் விரைவாக அடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் உறுதியான கருத்து. மற்ற எல்லாக் கருவிகளுக்கும் அதுதான் வாசல்.

"கரண்ட் போனா என்னம்மா பண்ணுவே?" என்பது மூத்த ஆசிரியர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. அதை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அனுபவம் கேட்கும் கேள்வி அது. இணையம் அறுந்துபோகும், புரொஜெக்டர் கேபிள் பொருந்தாது, லேப் சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருப்பார். 45 நிமிடப் பாடவேளையில் 10 நிமிடம் இணைப்புக்கே போய்விட்டால் வகுப்பு கைவிட்டுப் போய்விடும். ஃபெட் செயலிகள் பலவற்றைத் தனிக் கோப்பாக இறக்கி, இணையமில்லாமலே ஓட்டலாம். காணொளியை முன்கூட்டியே சேமித்துவைக்கலாம். எல்லாம் போனாலும் நடத்தக்கூடிய கரும்பலகைப் பாடம் ஒன்று ரெக்கார்டு நோட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கேள்வியை மையமாக வைத்துத் தயாரித்த பாடம் மின்சாரம் போனாலும் நிற்கும். ஸ்லைடை மையமாக வைத்த பாடம் அணைந்துபோகும்.

பிள்ளைகளின் படங்களைப் பற்றியும் ஒரு சொல். தான் நடத்திய வகுப்பை ரீல்ஸாகவோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகவோ போடும் ஆசை இளம் ஆசிரியர்களுக்கு இயல்பு. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தவறான விடை சொல்லிக் கூச்சப்படும் ஒரு பிள்ளையின் முகம் ஊருக்கெல்லாம் போகக் கூடாது. பெயர்களுக்கும் இதே கவனம் வேண்டும். பிளிக்கர்ஸில் பெயருக்குப் பதில் வரிசை எண்ணைப் போட்டாலே போதும்.

செல்போன் கேமராவுக்கு ரீல்ஸைவிட நல்ல பயன் இருக்கிறது. பி.எட். கல்லூரிகளில் நடக்கும் மைக்ரோ டீச்சிங், 1963-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் குழுவினர் உருவாக்கியது. சிறிய பாடத்தை நடத்தி, பின்னூட்டம் கேட்டு, திருத்தி, மீண்டும் நடத்துவது அதன் முறை. இந்தியாவில் இந்தச் சுற்று 36 நிமிடங்களாக வகுக்கப்பட்டது. தன் பாடத்தைத் தானே வீடியோவில் பார்ப்பதுதான் ஸ்டான்ஃபோர்டு முறையின் உயிர். வீடியோ கருவிகளுக்கு வழியில்லாத நம் கல்லூரிகளில் அந்தப் பகுதி உதிர்ந்து, சக மாணவர்கள் 'நல்லா இருந்துச்சு' என்று சொல்லும் சடங்காகவே அது பல இடங்களில் சுருங்கிவிட்டது. இன்று எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. கடைசி பெஞ்சில் செல்போனைத் தன்னை நோக்கி நிறுத்திவைத்து எடுத்த 10 நிமிடப் பதிவைப் பார்த்தால் எவ்வளவோ தெரியும். கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடிகூடக் காத்திருக்காமல் தானே பதில் சொன்னது தெரியும், திரையைப் பார்த்தே பேசியது தெரியும், இடப்பக்கம் இருந்த பிள்ளைகளை ஒருமுறைகூடப் பார்க்காதது தெரியும். பயிற்சி ஆசிரியர் கற்க வேண்டிய முதல் டிஜிட்டல் கருவி இதுதான்.

ஒரு தனி ஆசிரியரால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு மகாராஷ்டிரத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சோலாப்பூர் மாவட்டம் பரிதேவாடி கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் பணியாற்றிய ரஞ்சித்சிங் டிசலே, பொறியியல் படிப்பை விட்டுவிட்டு ஆசிரியர் பயிற்சிக்கு வந்தவர். அவருடைய மாணவர்களின் தாய்மொழி கன்னடம், பாடநூல் வேறு மொழியில் இருந்தது. நூல்களைக் கன்னடத்தில் பெயர்த்து, பாடல், கதை, விளக்கம், பயிற்சி எல்லாவற்றையும் கியூஆர் குறியீடுகளாகப் பக்கங்களில் சேர்த்தார். பிறகு மகாராஷ்டிர அரசே தன் பாடநூல்களில் அந்த முறையை எடுத்துக்கொண்டது. 2020-இல் உலக ஆசிரியர் விருதை வென்ற அவர், 10 லட்சம் டாலர் பரிசில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற 9 ஆசிரியர்களுக்குப் பகிர்ந்தளித்தார். அவர் கியூஆர் குறியீட்டில் தொடங்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு இந்தப் புத்தகம் புரியவில்லை என்ற கவலையில் தொடங்கினார்.

அந்தக் கவலை இல்லாமல் கருவியை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை பெரு நாடு காட்டியது. அங்கே கிராமப்புறப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி வழங்கிய திட்டத்தை 319 தொடக்கப் பள்ளிகளில் ஆராய்ந்து 2012-இல் முடிவு வெளியிட்டார்கள். பொதுவான சிந்தனைத் திறனில் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்கான சான்று எதுவும் கிடைக்கவில்லை. பெட்டியைத் திறந்து பிள்ளையிடம் கொடுப்பதோடு அரசின் கடமை முடிவதில்லை. அதை வைத்துப் பாடம் நடத்தத் தெரிந்த ஆசிரியரை உருவாக்குவதற்கும் அதே அளவு பணமும் காலமும் ஒதுக்க வேண்டும்.

ஈராண்டு பி.எட். பாடத்திட்டத்தில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்துக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அதை ரெக்கார்டு எழுதி முடிக்கும் பகுதியாக வைத்திருக்கும் கல்லூரிகள் மாற வேண்டும். தேர்வில் 'ஸ்மார்ட் போர்டின் பயன்களை எழுதுக' என்று கேட்பதற்குப் பதிலாக, ஒரு பாடத்தைக் கொடுத்து, 'எந்த இடத்தில் எந்தக் கருவி, அதற்கு முன் என்ன கேள்வி?' என்று நடத்திக்காட்டச் சொல்ல வேண்டும். பள்ளித் தலைமையாசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு உங்கள் பள்ளிக்கு வரும் பயிற்சி ஆசிரியர்களைப் பதில் வகுப்பு பார்ப்பதற்கும் விடைத்தாள் கூட்டுவதற்கும் மட்டும் பயன்படுத்த வேண்டாம். ஹைடெக் லேப் சாவியைக் கொடுத்து, வாரத்தில் ஒரு பாடவேளையாவது அங்கே நடத்தச் சொல்லுங்கள், பின் பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள், முடிந்ததும் குறையையும் நிறையையும் அவர்களிடம் நேராகச் சொல்லுங்கள்.